உங்கள் கணினி எந்தப் பிழையை மறைக்கிறது?

ஃப்ரண்ட் எண்ட் வேலைக்கு, அதாவது பிரவுசரில் தெரியும் பக்கங்களை எழுதும் வேலைக்கு, விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்று கேட்டால், ஆளுக்கொரு ரசனைதான் பதிலாக வரும். எடிட்டர், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட், குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாமே மூன்றிலும் ஓடுகின்றன. அதனால் நான் கேட்கும் கேள்வி வேறு: நான் செய்யும் தவறுகளில் எவற்றை இந்தக் கணினி சத்தமில்லாமல் விழுங்கிவிடும்?

ஒரு கோப்புக்கு 'ஹெடர்' என்று ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாக வைத்துப் பெயரிடுகிறீர்கள். அந்தக் கோப்பை அழைக்கும் இம்போர்ட் வரியில் பெயரைச் சிறிய எழுத்தில் தட்டிவிடுகிறீர்கள். மேக்கிலும் விண்டோஸிலும் பக்கம் ஜம்மென்று வந்து நிற்கும். லினக்ஸ் சர்வரில் பில்ட் செய்தால், அதாவது எல்லாக் கோப்புகளையும் சேர்த்து வெளியிடத் தயார்செய்தால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கை விரித்துவிடும்.

காரணம், பெயரை ஒப்பிடும் முறை. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைக்குப் பெயர் என்பது வெறும் எண்களின் வரிசை. பெரிய 'எச்' 72, சிறிய 'எச்' 104. எண் வேறென்றால் கோப்பும் வேறு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், எந்தச் சிறிய எழுத்துக்கு எது பெரிய எழுத்து என்ற அட்டவணையை வட்டிலேயே வைத்திருக்கிறது. இரு பெயர்களையும் பெரிய எழுத்தாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடும். ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ்ஸும் இயல்பு நிலையில் இந்த பேதம் பார்ப்பதில்லை. கூத்து இதோடு முடியாது. தவறைக் கண்டுபிடித்துக் கோப்பின் பெயரைத் திருத்தினாலும், இந்த இரு தளங்களிலும் கிட் அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் விடக்கூடும். 'கிட் எம்வி' கட்டளையால் பெயரை மாற்றினால் பதிவாகும்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே, தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மேக் இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அவை இரண்டு கோப்புகள்.

மேற்சொன்ன விஷயத்தில் லினக்ஸ் கறார் என்றால், இன்னொன்றில் அது கஞ்சன். கோப்பைச் சேமித்த கணமே பிரவுசரில் பக்கம் மாறுகிறதல்லவா? அதற்காகக் கருவிகள் எல்லாக் கோப்புகளையும் ஓயாமல் திறந்து பார்ப்பதில்லை. 'இதில் மாற்றம் வந்தால் சொல்' என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் ஒப்படைத்துவிடுகின்றன. மேக்கிலும் விண்டோஸிலும் ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அதன் அடியில் உள்ள அனைத்தும் கண்காணிப்புக்குள் வந்துவிடும். லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் ஐநோட்டிஃபை ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியாகக் காவல் கேட்கும். காவலுக்கு உச்சவரம்பும் உண்டு. வெகுகாலம் அது 8,192 ஆகவே இருந்தது. வரம்பு தீர்ந்தால் வரும் செய்திதான் வேடிக்கை: 'வட்டில் இடமில்லை'. அதை நம்பிப் பழைய படங்களை அழித்துப் பயனில்லை. வரம்பை உயர்த்துவதே மருந்து.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் தரும் டபிள்யூஎஸ்எல்லின் இரண்டாம் பதிப்பில் நிஜமான லினக்ஸ் கெர்னலே ஓடுகிறது. ஆனால் ப்ராஜெக்டை சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸிலிருந்து திறந்தால், ஒவ்வொரு கோப்பும் இரு தளங்களுக்கு இடையே ஒரு நெறிமுறை வழியாகப் போய்வர வேண்டும். ப்ராஜெக்டுக்குத் தேவையான பிறர் நிரல்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகள் கிடக்கும்; நத்தை வேகம்தான். மாற்ற அறிவிப்புகளும் அந்த எல்லையைத் தாண்டி வராது. ப்ராஜெக்டை லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்தினால் இரண்டு தொல்லையும் தீரும்.

மேக்காரர்களுக்கு ஒன்று. டிராக்பேட் உள்ள மேக்கில் ஸ்க்ரோல்பார் பக்கத்தின் மேல் மிதந்துவிட்டு மறையும், இடம் எடுக்காது. விண்டோஸ் பிரவுசர்களில் அது வழக்கமாக 15 பிக்சல் அளவுக்கு அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் 100 விடபிள்யூ, அதாவது சாளரத்தின் முழு அகலம், என்று கொடுத்தால் அந்த 15 பிக்சலும் கணக்கில் சேர்ந்து, விண்டோஸில் பக்கம் பக்கவாட்டில் நகரும். உங்கள் திரையில் அது ஒருநாளும் தெரியாது. ஸ்க்ரோல்பாரை எப்போதும் காட்டும்படி மேக் அமைப்பில் மாற்றிவைப்பது நல்லது.

மேக்கை விட்டுவிட முடியாத ஒரே காரணம் ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி. அதன் விண்டோஸ் பதிப்பு 2012-லேயே நின்றுவிட்டது. பெரும்பாலான நாடுகளில் ஐபோனின் குரோமும் உள்ளே சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்தான். பிரவுசர் சோதனைக் கருவியான ப்ளேரைட் தரும் வெப்கிட்டை மூன்று தளங்களிலும் ஓட்டிச் சோதிக்கலாம். அது பெரும்பாலான சிக்கல்களைக் காட்டிக்கொடுக்கும். ஆனாலும் அது சஃபாரியே அல்ல. எழுத்துரு, வீடியோ போன்றவற்றில் வேறுபடும்.

என்னைக் கேட்டால், ஐபோனில் பார்ப்பவர்கள் அதிகம் என்றால் மேக். இல்லையென்றால் டபிள்யூஎஸ்எல்லோடு விண்டோஸோ, நேரடியாக லினக்ஸோ போதும். எதை எடுத்தாலும், ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது கிட்டில் பதியும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், ஒரு லினக்ஸ் கணினியில் தானாகவே பில்ட் ஓடும்படி சிஐ என்ற தானியங்கிச் சோதனையை அமைத்துவிடுங்கள். அந்தச் சின்ன 'எச்' அங்கேயே மாட்டிக்கொள்ளும்.