நாரி பிடித்தால் பாயில் கிடக்க வேண்டுமா?

உரும்பிராய்ப் பக்கம் வெங்காயம் கிண்டும் காலத்தில், குனிந்தவர் நிமிர முடியாமல் நாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு கிழமை பாயில கிடவுங்கோ" என்பதுதான் உடனே கிடைக்கும் புத்தி. எண்ணெய் பூசி, ஒத்தணம் கொடுத்துப் படுத்திருந்தால் நோ மாறியும் விடும்.

சிக்கலே அந்த மாறுதலில்தான். திடீரென வரும் நாரி நோ பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே தணியும். ஆகவே அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் பெயர் அதற்கே போகும். அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்டும் இதில் ஏமாறலாம். உண்மையில் எது உதவியது என்று அறிய, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, வெவ்வேறு சிகிச்சை கொடுத்து ஒப்பிட வேண்டும்.

ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்கள் 186 பேரிடம் அப்படிச் செய்தார்கள். சிலருக்கு 2 நாள் படுக்கை, சிலருக்கு முதுகை அசைக்கும் பயிற்சி, மற்றவர்களுக்கு நோ தாங்குமளவு வழமையான வேலை. 1995 இல் முடிவு வந்தது. வழமைபோல நடமாடியவர்களே நன்றாகத் தேறினார்கள். படுத்தவர்கள்தான் எல்லோருக்கும் பின்னால். வெறும் 2 நாள் படுக்கைக்கே அப்படியென்றால், ஒரு கிழமையை நினைத்துப் பாருங்கள். முதல் நாட்களில் பயிற்சிக்கும் அவசரப்படத் தேவையில்லை என்பதும் இதில் தெரிந்தது.

சரி, ஓர் ஆய்வு போதுமா? போதாது. எந்த நோவுக்கு எந்தச் சிகிச்சை என்று பரிந்துரைக்கும் வழிகாட்டியை எழுதும் குழு முதலில் கேள்வியைத் தெளிவாக்கும். பிறகு, பிடித்த முடிவுகளை மட்டும் பொறுக்காமல், கிடைக்கும் ஆய்வுகள் எல்லாவற்றையும் தேடும். அவற்றிலிருந்து வரும் சான்றின் உறுதியை உயர், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு எனத் தரம் பிரிக்கும். பிசியோதெரபிக்கு இங்கே ஒரு கஷ்டம் உண்டு. மருந்து ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து, யாருக்கு எது கிடைத்தது என்பதை மறைக்கலாம். பயிற்சி செய்பவருக்கும் சொல்லிக் கொடுப்பவருக்கும் தாங்கள் செய்வது தெரியும்தானே. பிசியோதெரபி ஆய்வுகளைத் திரட்டி வைக்கும், சிட்னியில் 1999 இல் தொடங்கிய பெட்ரோ (PEDro) தரவுத்தளம் ஆய்வுகளுக்கு 10 க்குப் புள்ளி போடுகிறது. நல்ல பயிற்சி ஆய்வுகளும் இந்த ஒரு காரணத்தாலேயே 2 புள்ளி இழப்பது வழமை.

சிகிச்சை வழிகாட்டிகளை எழுதும் பிரித்தானியாவின் நைஸ் (NICE) அமைப்பு 2016 இல் வெளியிட்ட வழிகாட்டி, நாரி நோவுக்கு உடற்பயிற்சியை முன்வைக்கிறது. இடுப்புப் பட்டி, இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை வேண்டாம் என்கிறது. காசு கொடுத்து மெஷினுக்குக் கீழே படுப்பதற்கு முன் "இதற்குச் சான்று இருக்கா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால் சலம் போவதில் மாற்றம் வந்தாலோ, கவட்டுப் பகுதி விறைத்தாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்தப் பயிற்சி என்பதை நோயாளியின் தேவையையும் விருப்பத்தையும் பார்த்தே தெரிவுசெய்யச் சொல்கிறது அதே வழிகாட்டி. நல்லூர் வீதியை விடியச் சுற்றி வருபவருக்கு நடையே போதுமாயிருக்கலாம். தோட்டக்காரரிடமோ பிசியோதெரபிஸ்ட் வேறு கேள்விகள் கேட்க வேண்டும்: எவ்வளவு நேரம் குனிந்து நிற்கிறீர்கள், மூட்டையை ஆர் தூக்குவது, இடையில் எழும்பி வரம்பில் ஒருக்கால் நடந்துவிட்டு வர முடியுமா?