டயட்டில் எடை ஏன் நின்றுபோகிறது?

டயட் தொடங்கிய முதல் வாரத்தில் எடை மடமடவென்று இறங்கும். இரண்டு கிலோ குறைந்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் ஏறக்குறைய அரைக் கிலோ மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் உடம்பு இந்தச் சேமிப்பில் கைவைக்கிறது. கூடவே தண்ணீரும் வெளியேறிவிடுகிறது.

கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் கரையாது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3,500, அதாவது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. முதல் வார வேகத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டவர்கள் இந்த இடத்தில் பதறிப்போய்ச் சாப்பாட்டை இன்னும் வெட்டுகிறார்கள். பசி தாங்காமல் டயட்டைக் கைவிடுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

சரியான வேகத்தில் போகிறவர்களுக்கும் சில மாதங்களில் எடை நிற்கும். ‘மெட்டபாலிசம் படுத்துவிட்டது’ என்று பலர் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது: உடம்பு சிறிதானால் அதற்கான செலவும் குறையும். சும்மா இருக்கும்போதும் உடம்பு செலவிடும் ஆற்றலைக் கணக்கிட 1990-ல் வெளிவந்த மிஃப்லின் சூத்திரப்படி, 10 கிலோ குறைந்தவருக்கு இந்த ஓய்வுநிலைச் செலவு நாளுக்கு 100 கலோரி குறைகிறது. நடக்கவும் படியேறவும் ஆகும் செலவும் அதோடு குறையும். ஆனால் இதைவிடப் பெரிய காரணம் பசி.

அதை அளந்த விதம் அருமையானது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு நீரிழிவு மருந்து உண்டு. அதை எடுப்பவர்கள் தினமும் சுமார் 360 கலோரியைத் தங்களுக்கே தெரியாமல் இழக்கிறார்கள். டயட் இருக்கிறோம் என்ற எண்ணமே அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் சில கிலோ குறைந்ததும் எடை நின்றுவிடுகிறது. உடல் எடையை ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி கெவின் ஹாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தத் தரவுகளை வைத்து 2016-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ நாளுக்குச் சுமார் 100 கலோரி அதிகமாகச் சாப்பிடத் தூண்டுகிறது. அப்படியானால் 6 கிலோ குறைத்தவருக்குச் செலவில் 150 கலோரி போல இறங்கியிருக்கும், பசி 600 கலோரி ஏறியிருக்கும். கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டு. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். அதை மூளை பஞ்ச காலத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. மன உறுதி போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்பவர்கள் இந்த எண்களை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏறிய பசி வயிறு கிள்ளுவதாகவே எப்போதும் வராது. கரண்டி கொஞ்சம் தாராளமாகும், ருசி பார்ப்பது இரண்டு வாயாகும். ‘1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை’ என்ற 10 பேரை 1992-ல் ஆராய்ந்தபோது, அவர்களுடைய உடம்பு செலவிடும் ஆற்றல் இயல்பாகவே இருந்தது. உண்டதில் சராசரியாக 47 சதவீதம் அவர்களுடைய குறிப்பில் ஏறவே இல்லை.

ஆகவே எடை நின்றால் முதல் வேலை, ஒரு வாரம் சமையல் தராசை எடுத்து வைத்து அளப்பது. எண்ணெய் பாட்டிலைச் சமைப்பதற்கு முன்பும் பின்பும் தராசில் வையுங்கள். வித்தியாசம் எத்தனை கிராமோ அதை 9-ஆல் பெருக்கினால் கலோரி வந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. கணக்கில் வராத மூன்று கரண்டி 500 கலோரிப் பற்றாக்குறையில் முக்கால் பங்கை விழுங்கிவிடும். தானியத்தில் வேறொரு தவறு நடக்கிறது. 100 கிராம் உலர் தானியத்தில் சுமார் 350 கலோரி. வெந்ததும் எடை இரண்டரை, மூன்று மடங்காகிறது, கலோரி ஏறுவதில்லை. பச்சையாக அளந்துவிட்டு வெந்ததற்கான எண்ணைப் போட்டால் கணக்கில் பாதிக்கு மேல் காணாமல் போகும்.

பசியைச் சமாளிக்கப் புரதம் பெரிய துணை. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். 70 கிலோ என்றால் நாளுக்கு 84 முதல் 112 கிராம். அதை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். புரதம் தரும் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிவிடும். எடைப் பயிற்சியும் சேர்ந்தால் தசை அதிகம் கரையாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. பாக்கெட் தின்பண்டங்களை வீட்டில் வாங்கி வைக்காமலிருப்பதும் நல்லது. 2019-ல் கெவின் ஹால் நடத்திய ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் தரப்பட்டன. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். இருந்தும் பதப்படுத்தியதை அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

எந்த டயட் என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2018-ல் வெளியான ஆய்வில் 609 பேர் ஓராண்டு குறைந்த கொழுப்பு, குறைந்த மாவுச்சத்து என இரு முறைகளைப் பின்பற்றினார்கள். இரு தரப்பிலும் சராசரியாக 5 முதல் 6 கிலோதான் குறைந்தது. எது உங்களால் முடியுமோ அதை எடுங்கள்.

எடையைக் காலையில் கழிவறை போய்வந்ததும், எதுவும் சாப்பிடாமல் பாருங்கள். தினமும் குறித்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். உப்பு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி இவற்றால் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கலாம். மாதவிடாய் உள்ளவர்கள் போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

நான்கு வாரமாகச் சராசரி அசையாமல் இருந்து, அளவுகளும் சரியாக இருந்தால் மட்டும் 100 முதல் 200 கலோரி குறைக்கலாம், அல்லது அந்த அளவுக்கு நடையைக் கூட்டலாம். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் டயட்டைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிவிடுங்கள். சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் தாழ்சர்க்கரை, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் நிலை, வரலாம். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் கண்டால் உடனே இனிப்பு ஏதாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.