ஜி.எஸ்.பி. பிளஸ்: ஐரோப்பாவுக்குப் போகும் ஆடைக்கு எப்போது வரி இல்லை?

ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு விற்பதைவிட இலங்கையிடமிருந்து வாங்குவது அதிகம். அப்படி வாங்குவதில் பாதிக்கு மேல் ஆடைகள். அதனால்தான், வளரும் நாடுகளுக்கு ஒன்றியம் தரும் சிறப்பு இறக்குமதி வரிச்சலுகையான ஜி.எஸ்.பி. பிளஸ் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ஆடைத் தொழிற்சாலைகளில் பேச்சு எழுகிறது.

சலுகை என்னவென்று பார்ப்போம். ஒரு டி-சேர்ட்டுக்கு ஐரோப்பாவின் வழக்கமான சுங்க வரி 12 வீதம். சாதாரண ஜி.எஸ்.பி. சலுகையில் அது 9.6 வீதமாகும். ஜி.எஸ்.பி. பிளஸ் இருந்தால் வரியே இல்லை. தேயிலையும் இதனால்தான் அங்கே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பா வரி வாங்குவதில்லை. உண்மையான பயன் ஆடைக்கும் மீனுக்கும் இன்னும் சில பொருள்களுக்கும்தான்.

இலங்கையில் தைத்த எல்லா ஆடைக்கும் சலுகை கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். சிக்கலே இங்கேதான். தையல் மட்டும் போதாது, துணியும் இங்கேயே நெய்யப்பட்டிருக்க வேண்டும், அல்லது பின்னப்பட்டிருக்க வேண்டும். நூல் வெளிநாட்டிலிருந்து வரலாம். சீனத் துணியை வாங்கி இங்கே வெட்டித் தைத்தால் அந்த ஆடைக்கு 12 வீதத்தையும் கட்டத்தான் வேண்டும். பங்களாதேஷுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அது மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகளின் பட்டியலில் இருப்பதால் தையல் மட்டுமே போதும். இந்தியா, பாகிஸ்தான் போன்ற தெற்காசிய நாடுகளின் துணியைச் சில நிபந்தனைகளோடு நம் துணியாகக் கணக்கில் சேர்க்கலாம். ஆனாலும் உள்ளூரில் துணி ஆலைகள் பெருகாதவரை இந்தச் சலுகையின் பெரும் பகுதி ஏட்டில்தான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நடைமுறை எளிது. ஏற்றுமதியாளர் வர்த்தகத் திணைக்களத்தின் வழியாக ரெக்ஸ் (பதிவுபெற்ற ஏற்றுமதியாளர்) முறையில் பதிந்துகொண்டு, பொருள் எங்கே உருவானது என்ற உறுதிமொழியை விலைப்பட்டியலில் தானே எழுதலாம். 6,000 யூரோவுக்குள் உள்ள சரக்குக்கு அந்தப் பதிவும் வேண்டாம். உறுதிமொழி பொய்யானால், விட்ட வரியை ஐரோப்பியச் சுங்கம் பின்னால் கேட்கும். அதனால் துணி, நூல் வாங்கிய பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அப்புறம் நாட்டின் பங்கு. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை அரசு ஏற்று, நடைமுறையிலும் காட்ட வேண்டும். அவற்றில் சித்திரவதைத் தடை உள்ளிட்ட மூன்று மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரிவரச் செயற்படுத்தவில்லை என்று சொல்லி, 2010 ஆகஸ்ட் 15 முதல் சலுகையை ஒன்றியம் நிறுத்தியது. 2017 மே 19 அன்றுதான் அது திரும்பக் கிடைத்தது. இடையில் அந்த வரிச்சுமை தொழிற்சாலைகள் மீது விழுந்தது. உடன்படிக்கையில் கையெழுத்திட்டதிலும் அதை மீறியதிலும் தையல் இயந்திரத்தின் முன் இருந்த பெண்களுக்குப் பங்கில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டி, 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் சலுகை பற்றி மறுபடியும் கேள்வி எழுப்பியது.

மீனுக்குத் தனி விதி. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று 2015 ஜனவரியில் வந்த இறக்குமதித் தடை 2016 ஜூனில்தான் நீங்கியது.

வருமானமும் கணக்கில் வரும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலக வங்கியின் உயர் நடுத்தர வருமானப் பட்டியலில் இருக்கும் நாடு சலுகையை இழக்கும். இப்போதைய ஜி.எஸ்.பி. விதிமுறை 2027 டிசம்பர் 31 வரை செல்லும்.