ஆல்ப்ஸின் நீல இரட்டையர்

ஆஸ்திரியாவின் 1 சென்ட் நாணயத்தில் ஒரு பூ இருக்கிறது. ஜென்ஷியன் என்று பெயர். ஆல்ப்ஸ் மலையில் பனி உருகியதும் புல்தரையில் தண்டே இல்லாததுபோல் தரையோடு ஒட்டி முளைத்து, விரல் நீளத்துக்கு அடர் நீலக் குழல் ஒன்றை நிமிர்த்திக் காட்டும் செடி. அந்தப் பக்கம் மலையேறப் போனவர்களின் கைபேசியில் இதன் படம் ஒன்றாவது இருக்கும். சரி, அது எந்த ஜென்ஷியன் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்கும். அதே உயரம், அதே நீலம், அதே குழல் வடிவத்தோடு அங்கே இரண்டு சிற்றினங்கள் உண்டு: ஜென்ஷியானா அகாலிஸ், ஜென்ஷியானா குளூசி. அகாலிஸ் என்ற பெயரை, செடிகளுக்கு இரட்டைச் சொல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753-இல் வைத்தார். குளூசிக்குத் தனிப் பெயர் கிடைக்க அதற்குப் பிறகு நூறு ஆண்டுகள் ஆயின. 16-ஆம் நூற்றாண்டிலேயே வியன்னாவில் இருந்துகொண்டு ஆல்ப்ஸ் செடிகளைத் தேடி மலையேறிய குளூசியஸ் என்ற தாவரவியலாளரின் நினைவாக வைத்த பெயர் அது.

பூவை நேர் மேலிருந்து பார்த்தால், கொஞ்சம் உதவி கிடைக்கும். அகாலிஸின் தொண்டைக்குள் ஆலிவ் பச்சையில் புள்ளிகளும் கோடுகளும் ஓடும். குளூசியில் அவை இருக்காது, அல்லது இருப்பதே தெரியாது. ஆனால் வாடிய பூவிலும் மழைநாளில் மூடிக்கொண்ட பூவிலும் இந்த அடையாளத்தை நம்ப முடியாது. நம்பத்தக்க இடம் பூவின் அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணம், அதாவது புல்லிவட்டம். குளூசியில் புல்லிகளின் நுனிகள் முக்கோணமாக, அடியில் அகன்று, பூக்குழலோடு ஒட்டி நிற்கும். இரண்டு நுனிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கூர்மையாக இறங்கும். அகாலிஸில் அதே நுனிகள் அடியில் ஒடுங்கி நடுவில் அகலும். இடைவெளி மழுங்கியிருக்கும், அங்கே வெண்மையான மெல்லிய சவ்வு ஒன்று ஒரு நுனியை அடுத்ததோடு இணைக்கும். இலையும் சாட்சி சொல்லும். குளூசியின் இலை தோல்போல விறைப்பானது, குறுகலானது. அகாலிஸின் இலை மென்மையானது, அகலமானது.

படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் பக்கவாட்டுக் காட்சியைத்தான். அழகான நீலத்தை மேலிருந்து மட்டும் பத்து படம் எடுத்து அனுப்பினால், தேர்ந்த தாவரவியலாளர்கூட உறுதியாகச் சொல்லத் தயங்குவார். என் பார்வையில், செடியைச் சுற்றிக் கிடக்கும் கல்லும் ஒரு படத்தில் இருந்தாக வேண்டும். ஏனென்றால் இந்த இரண்டு பூக்களும் பாறையைப் பார்த்துத்தான் இடம் பிடித்திருக்கின்றன. குளூசி வளர்வது சுண்ணாம்புப் பாறைமேல். அகாலிஸ் விரும்புவது கிரானைட், நைஸ் போன்ற சிலிக்கா மிகுந்த பாறைகள் சிதைந்து உண்டான அமில மண்ணை.

ஆல்ப்ஸின் அமைப்பே இதற்குத் தோதானது. வடக்கிலும் தெற்கிலும் சுண்ணாம்பு மலைகள், நடுவில் பெரும்பாலும் கிரானைட், நைஸ் போன்ற படிகப் பாறைகள். வடக்கே சுண்ணாம்பும் தெற்கே பலகைப் பாறையுமாக இரு வகையும் அருகருகே வரும் கிட்ஸ்பூயல் என்ற ஊரில் 1830-களில் மருத்துவராக வேலை பார்த்தார் பிரான்ஸ் உங்கர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மலைகளில் அலைந்து, எந்தச் செடி எந்தப் பாறைமேல் வளர்கிறது என்று குறித்துவைத்து, 1836-இல் ஒரு நூலாக வெளியிட்டார். மண்ணுக்கும் செடிக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆரம்பகால ஆய்வுகளில் முக்கியமானது அது. (பின்னாளில் வியன்னா பல்கலைக்கழகத்தில், மரபியலின் முன்னோடியான மெண்டலுக்குப் பாடம் நடத்தியவரும் இவர்தான்.)

பாறை எப்படிச் செடியைத் தேர்ந்தெடுக்கிறது? சுண்ணாம்பு மண்ணின் பி.ஹெச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்குக் கீழே அமிலம்) பொதுவாக 7-க்கு மேல் இருக்கும். அந்த நிலையில் இரும்பு தண்ணீரில் கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. பாஸ்பரஸையும் கால்சியம் பிடித்துவைத்துக்கொள்கிறது. மண்ணில் இரும்பு நிறைய இருந்தும் வேருக்கு எட்டாது. அமில மண்ணுக்குப் பழகிய செடியை அங்கே நட்டால் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாக வெளிறிவிடும். அமில மண்ணில் தொல்லை வேறு மாதிரி. பி.ஹெச். சுமார் 5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வெளியே வரும். அது வேர்நுனியைத் தாக்கி வளர்ச்சியை நிறுத்தும். ஹைட்ராஞ்சியா பூவை அமில மண்ணில் நீலமாக்குவதும் இதே அலுமினியம்தான். ஆக, ஒரு பக்கம் பட்டினி, மறுபக்கம் நஞ்சு. ஒன்றைச் சமாளிக்கத் தேறிய செடி மற்றதில் தடுமாறுகிறது.

இத்தோடு கதை முடிந்துவிடவில்லை. ஆல்ப்ஸில் அக்கிலியா என்ற செடிப் பேரினத்து இரட்டையர் இருவர் உண்டு: சுண்ணாம்பில் அட்ராட்டா, சிலிக்காவில் மொஸ்காட்டா. இரண்டும் சேர்ந்து இருக்கும் பள்ளத்தாக்கில் ஆளுக்கொரு பாறையைக் கறாராகப் பிரித்துக்கொள்கின்றன. ஒன்று மட்டும் இருக்கும் இடத்திலோ அது இரண்டு பாறையிலும் வளர்கிறது. சுவிஸ் தாவரவியலாளர் நேகெலி 1865-இல் இதைக் கவனித்துச் சொன்னார். அப்படியானால் மண் மட்டுமே காரணம் இல்லை. தனக்குச் சற்றுச் சாதகமான மண்ணில் ஒன்று மற்றதை நெருக்கித் தள்ளிவிடுகிறது.

பாறையை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். ஆல்ப்ஸில் புதராக வளரும் இரண்டு ரோடோடென்ட்ரான்களே இதற்கு நல்ல உதாரணம். (நீலகிரியின் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் மரம் இவற்றின் உறவு.) ஃபெருஜினியத்தின் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும், ஓரத்தில் மயிர் கிடையாது. ஹிர்சூட்டத்தின் இலை ஓரம் முழுக்க நீண்ட மயிர்கள், அடிப்பக்கம் பச்சை. முன்னது அமில மண்ணுக்கு, பின்னது சுண்ணாம்புக்கு. ஆனால் சுண்ணாம்புப் பாறைமேல் பல நூற்றாண்டுகளாக இலைதழை மக்கித் தடித்த அடுக்காகச் சேர்ந்திருந்தால், அந்த அடுக்கு அமிலமாகிவிடும். கீழே என்ன பாறை என்பது மேலே நிற்கும் வேருக்குத் தெரியாது. அங்கே ஃபெருஜினியம் சுகமாக வளரும். போதாததற்கு இரண்டும் சந்திக்கும் இடங்களில் கலப்பினமும் பிறக்கிறது. துரு நிறமும் ஓர மயிரும் சேர்ந்தே இருக்கும் இலையைப் பார்த்தால், "இரண்டில் எது?" என்ற கேள்வியையே கைவிட வேண்டியதுதான்.

இதுவரை சொன்ன குழப்பங்களால் யாருக்கும் தீங்கு இல்லை. மஞ்சள் ஜென்ஷியன் விஷயம் அப்படி அல்ல. ஒரு மீட்டருக்கு மேல் உயரும் இந்தச் செடியின் கசப்பு வேரைத் தோண்டி ஆல்ப்ஸ் ஊர்களில் சாராயம் வடிப்பார்கள். அதே மேய்ச்சல் நிலத்தில், அதே உயரத்தில், அதே மாதிரி நரம்போடிய அகன்ற இலைகளுடன் வெராட்ரம் ஆல்பம் என்ற நச்சுச் செடியும் நிற்கும். மஞ்சள் ஜென்ஷியன் முதல் பூ விடவே பத்தாண்டு போல ஆகும் என்பதால், பூவை வைத்து அடையாளம் காண்பது பெரும்பாலும் நடக்காது. வெராட்ரத்தின் நஞ்சு நரம்பு, இதயச் செல்களின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைக்கும். கடும் வாந்தி வரும், இதயத்துடிப்பு மெதுவாகும், ரத்த அழுத்தம் சரியும். வீட்டில் தயாரித்த ஜென்ஷியன் பானம் குடித்து இப்படி மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் இருக்கின்றன.

இவ்வளவு ஆபத்தான இரட்டையரைப் பிரிக்கும் அடையாளம் மிக எளிது. ஜென்ஷியனின் தண்டில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக நிற்கும். தொட்டால் வழவழப்பு, நிறத்தில் நீலச்சாயல். வெராட்ரத்தின் இலைகள் ஒன்று மாற்றி ஒன்றாகத் தண்டைச் சுற்றி ஏறும். அடிப்பக்கத்தில் மெல்லிய ரோமம் கைக்குத் தட்டுப்படும். ஆனால் தோண்டி எடுத்துத் தழையை வெட்டி எறிந்துவிட்ட வேரில் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. தப்பு நடப்பது பெரும்பாலும் அங்கேதான்.