ஒரே நேரத்தில் இரண்டு பட்டம்: யுஜிசி விதி சொல்வது என்ன?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். அவற்றில் ஒவ்வொன்றும் இன்றைக்கு எந்தச் செடி என்று தேட, தமிழும் வேண்டும், தாவரவியலும் வேண்டும். முன்பு இரண்டையும் பட்டமாகப் படிக்க ஆசைப்பட்டால், ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததில் சேர முடியும். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, இந்தத் தடையை எடுத்துவிட்டது.

இப்போது ஒரு கல்லூரிப் படிப்போடு தொலைநிலையிலோ ஆன்லைனிலோ இன்னொன்றைச் சேர்த்துப் படிக்கலாம். இரண்டுமே தொலைநிலை அல்லது ஆன்லைன் படிப்பாக இருக்கலாம். இரண்டையும் நேரில் போயே படிக்கலாம். ஆனால் வகுப்பு நேரம் ஒன்றோடொன்று மோதக் கூடாது. காலை, மாலை என ஷிப்டு நடத்தும் கல்லூரிகள் உள்ள ஊரில் இது நடக்கும். மற்ற ஊர்களில் கஷ்டம்தான். பிஎச்.டி. படிப்புக்கு இந்தச் சலுகை கிடையாது.

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது முதல் வழியைத்தான். பகலில் பி.எஸ்சி. தாவரவியல், வீட்டிலிருந்து பி.ஏ. தமிழ். பி.காம். படிக்கிறவர் அதோடு பி.பி.ஏ. சேர்ப்பதைவிட வரலாறு எடுத்தால், வேறொரு துறை எப்படிக் கேள்வி கேட்கிறது என்று பழக முடியும். இந்த விதியின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது.

சரி, பணம் கட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்? அந்தத் தொலைநிலைப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு, யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிது என்பதற்காக நம்பிவிடாதீர்கள்; அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனி. சேர்வதற்கு வேண்டிய டெப் ஐடி (DEB ID) என்ற மாணவர் அடையாள எண்ணையும் அதே தளத்தில்தான் எடுக்க வேண்டும்.

சட்ட மாணவர்கள் இந்திய பார் கவுன்சில் விதியையும் பார்க்க வேண்டும். சட்டத்தோடு இன்னொரு முழுநேரப் பட்டத்தை அது அனுமதிப்பதில்லை. தொலைநிலைப் படிப்புக்கு விலக்கு உண்டு.

இன்னொன்று, அசல் சான்றிதழ். முதல் கல்லூரி டி.சி.யை வாங்கி வைத்துக்கொண்டிருக்கும், இரண்டாவது இடத்திலும் அதையே கேட்கலாம். நகல் போதுமா, படிக்கிறார் என்ற போனஃபைடு சான்றிதழ் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேர்வு. இரண்டின் பழைய கால அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வாரத்தில் விழுகிற மாதிரி இருந்தால், தொலைநிலைப் படிப்பில் ஜூலைக்குப் பதில் ஜனவரி சேர்க்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.