மைக்ரோவேவ் கதவில் ரப்பர் ஏன் இல்லை?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் மைக்ரோவேவ் அவன் சர்வீஸுக்குப் போனால் அடிக்கடி வரும் கேள்வி இது: "ஃபிரிட்ஜ் கதவுல ரப்பர் இருக்கு, இதுல ஒண்ணுமே இல்லையேண்ணா, அலை வெளியே வராதா?" நியாயமான கேள்வி. பதில் தெரியாததால்தான் சிலர் கதவு ஓரத்தில் எம்-சீல் பூசுகிறார்கள், அலுமினிய ஃபாயில் ஒட்டுகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்.

வீட்டு அவன் வேலை செய்வது 2450 மெகாஹெர்ட்ஸில். அந்த அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. கண்ணாடிக்குள் இருக்கும் உலோக வலையின் துளைகள் ஒன்றிரண்டு மி.மீ. தான் என்பதால் வெளிச்சம் வரும், இந்த அலை வராது. சிக்கல் கதவு ஓரத்தில்தான். அங்கே உலோகமும் உலோகமும் சுற்றிலும் விடாமல் தொட்டுக்கொண்டிருப்பது நடக்காத காரியம். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு போதும், தொடர்பு விட்டுப்போய்ப் பொறி பறக்கும்.

அதனால் தொடாமலே தடுக்கிறார்கள். கதவின் ஓரச் சட்டத்தில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், ஒரு பள்ளம் சுற்றி ஓடுகிறது. சோக் என்பது அதன் பெயர். அதன் ஆழம் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 3 செ.மீ.; இடம் மிச்சமாக மடித்தும் செய்வார்கள். இடுக்கில் நுழையும் அலை இந்தப் பள்ளத்துக்குள் போய், மூடிய அடியில் மோதித் திரும்புகிறது. அடியில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும். கால் அலைநீளம் தள்ளி, பள்ளத்தின் வாயில், ஏறக்குறைய பூஜ்யம். இடுக்கின் உலோகச் சுவரில் மின்னோட்டம் அறுந்துபோனால் அலை அதைத் தாண்ட முடியாது, உள்ளேயே திரும்பிவிடும். சட்டத்தில் தெரியும் சின்னச் சின்ன வெட்டுகள், அலை பள்ளத்தோடு பக்கவாட்டில் ஓடாமல் இருப்பதற்காக.

எல்லாமே அளவில்தான் நிற்கிறது. கீல் தளர்ந்து கதவு தொங்கினாலோ, சட்டம் வளைந்தாலோ, அந்த அளவு கெட்டுவிடும். எம்-சீல் அதைச் சரிசெய்யாது. கதவைச் சரியாக மூடவிடாமல் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

நம் பக்கத்துக் கடற்காற்று வேறு. கம்பி நார் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் போன இடத்தில் உப்புக்காற்று பட்டால் துரு சீக்கிரம் பிடிக்கும். துரு ஓட்டை போட்ட அவனை ஓட்டவே வேண்டாம். சுத்தம் செய்ய ஈரத்துணியும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இணைப்பு உண்டு. அலையை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரானைப் பொருத்தும் இடத்தில் கம்பி வலையால் பின்னிய ஒரு வளையம் இருக்கும். மேக்னட்ரான் மாற்றும்போது அதை விட்டுவிட்டாலோ, நசுங்கிய பழைய வளையத்தையே போட்டாலோ, பெட்டிக்குள் அலை கசிந்து பொறி பறக்கும். மெக்கானிக்கிடம் அந்த வளையத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கதவு திறந்ததும் அவனை நிறுத்துவது லாட்ச் (கதவுக் கொக்கி) பக்கம் உள்ள மைக்ரோ ஸ்விட்சுகள், பெரும்பாலும் மூன்று. அதில் ஒன்று, மற்றது ஒட்டிக்கொண்டால் ஃபியூஸை எரித்துவிடுவதற்கென்றே இருக்கிறது. "ஸ்விட்ச டைரக்ட் பண்ணிட்டேன், இப்ப ஓடுது" என்று யாராவது சொன்னால் அந்த அவனைத் தொடாதீர்கள். கதவு திறந்தபடி ஓடினால் அலை நேராக முகத்தில் படும். கண்ணின் லென்ஸில் ரத்த ஓட்டம் இல்லை, சூட்டைச் சீக்கிரம் தணித்துக்கொள்ள அதற்கு வழியில்லை.

அப்புறம் இந்த செல்போன் சோதனை. போனை உள்ளே வைத்து, மணி அடித்தால் கசிகிறது என்கிறார்கள். தப்பு. போன் மிக மெல்லிய சிக்னலையும் பிடிக்கும். அது பயன்படுத்தும் அலைவரிசைகளும் வேறு, சோக்கின் அளவு 2450-க்கானது. வைஃபை தடுமாறுவதும் பயப்பட வேண்டிய அடையாளமில்லை. அனுமதித்த அளவுக்குள் இருக்கும் கசிவே அதற்குப் போதும்.

அந்த வரம்பு, 5 செ.மீ. தூரத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட். உள்ளே தண்ணீர் வைத்து ஓடவிட்டு, கசிவு மீட்டரைக் கதவு ஓரம் முழுக்க மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். கதவையோ மேக்னட்ரானையோ கழற்றி மாட்டினால், கூலி கொடுக்கும் முன் இதை உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். அவனின் வெளி மூடியை நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம்.