ஈரல் போய்விட்டதா என்று கேட்பவர்களுக்கு

காரைக்குடியில் பொது மருத்துவம் பார்க்கும் என்னிடம், "ஈரல் போச்சா டாக்டரம்மா?" என்ற கேள்வி மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது வந்துவிடுகிறது. கேட்பவர்கள் எல்லாரும் குடிகாரர்கள் அல்லர். யாரோ, எப்போதோ எழுதித் தந்த வலி மாத்திரைச் சீட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விழுங்கியவர்களும் அவர்களில் உண்டு.

ஆத்தங்குடிக் கல் போடும் ஒருவர் மனைவியுடன் வந்தார் (அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கண்ணாடித் தகட்டில் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றும் வேலை என்பதால் நாள் முழுவதும் குனிந்தே இருப்பவர். முதுகு வலிக்காக ஐந்து நாளைக்கு எழுதிய சீட்டை எட்டு மாதம் ஓட்டியிருக்கிறார். எத்தனை போடுவீர்கள் என்று கேட்டதற்கு, "எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டுதான்" என்றார். அவருடைய மனைவி ஒன்றும் சொல்லாமல், மடியில் வைத்திருந்த மஞ்சப்பையை என் மேசையில் கவிழ்த்தார். அட்டைக்குப் பத்து வீதம் 26 காலி அட்டைகள். இவை ஒரு மாதத்துக்குள் சேர்ந்தவை என்றார் அந்த அம்மா.

அவற்றில் இரண்டு வகை இருந்தன. ஒன்று 650 மில்லிகிராம் பாராசிட்டமால், நாளுக்கு நான்கு. மற்றொன்று அபின் வகை வலி மருந்தான டிரமடாலுடன் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் சேர்ந்த கூட்டு மாத்திரை, நாளுக்கு ஆறு. பெயரும் நிறமும் வேறாக இருந்ததால் வேறு வேறு மருந்து என்றே அவர் நம்பியிருந்தார். கூட்டிப் பார்த்தால் பாராசிட்டமால் மட்டும் நாளுக்கு 4,550 மில்லிகிராம். நல்ல உடல்நிலையில் உள்ள வயதுவந்தவருக்கே உச்ச வரம்பு 4,000. சனிக்கிழமை இரவு குடிப்பதும் மறுநாள் சரியாகச் சாப்பிடாமல் கிடப்பதும் அதோடு சேர்ந்திருந்தன.

பாராசிட்டமாலின் பெரும்பகுதியை ஈரல் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நச்சாக மாற, குளுட்டாதயோன் என்ற பொருள் அதை அடக்குகிறது. பட்டினியிலும் தொடர்ந்த குடியிலும் அந்தக் குளுட்டாதயோன் குறைந்துவிடுவதால், வேறொருவர் தாங்கும் அளவு இவருடைய ஈரலைத் தாக்கும்.

இவருக்கு எஸ்.ஜி.பி.டி. 212 இருந்தது, வழக்கமாக 40-க்குள் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவர் கண் கலங்கினார். ஆனால் எஸ்.ஜி.பி.டி. என்பது காயப்பட்ட ஈரல் செல்களிலிருந்து இரத்தத்தில் கசியும் நொதி; ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்பவை மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமியான பிலிருபின், ஈரல் செய்யும் புரதமான ஆல்புமின், இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஆகியவை, மூன்றும் அவருக்குச் சரியாகவே இருந்தன. மூன்றில் இரண்டு பங்கை அறுத்தெடுத்தாலும் சில வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடும் உறுப்பு அது. பாராசிட்டமாலால் பட்ட காயத்திலிருந்து பிழைத்தெழுந்தவர்களின் ஈரல் பெரும்பாலும் தழும்பின்றியே ஆறிவிடுகிறது. ஈரல் சுருங்கும் சிர்ரோசிஸ், ஆண்டுக்கணக்கில் ஓயாமல் காயப்படுவதால் வருவது.

இந்த ஆறுதல், ஒரே நேரத்தில் மொத்தமாக அதிக மாத்திரைகளை விழுங்கிவிட்டவர்களுக்குப் பொருந்தாது. முதல் நாள் குமட்டலோடு போகும், இரண்டாம் நாள் உடம்பு தேறியதுபோல் தெரியும், அதே நேரத்தில் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால் ஈரலைக் கிட்டத்தட்ட முழுமையாகக் காப்பாற்றலாம். எனவே மஞ்சள் காமாலை தெரியட்டும் என்று காத்திருக்காமல், வீட்டில் எஞ்சிய அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நேரம் கடந்துவிட்டாலும் போக வேண்டும்.

நம்மவருக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. டிரமடால், 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த மருந்து. பழைய சீட்டுக்கு அதை எட்டு மாதம் எடுத்துக் கொடுத்த கடைக்காரர் மீது எனக்குக் கோபம் உண்டு. நாள்தோறும் பழகிய உடம்பில் அதைச் சட்டென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை என்று வாட்டும். ஆகவே பாராசிட்டமாலை அன்றே நிறுத்திவிட்டு, தனி டிரமடாலைப் படிப்படியாகக் குறைத்தோம். இடையில் உறவினர் ஒருவர் சீந்தில் கஷாயம் கொண்டுவந்தார். தினமும் சீந்தில் குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள் என்று சொல்லி அதைத் தவிர்க்கச் செய்தேன். ஆறிக்கொண்டிருக்கும் ஈரலுக்கு மேலும் ஒரு சுமை எதற்கு?

எஸ்.ஜி.பி.டி. இரண்டு வாரத்தில் 88, ஆறு வாரத்தில் 34. முதுகு வலி போகவில்லை. அதற்கு இயன்முறைப் பயிற்சியும், வேலை செய்யும் மேடையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவதும் நடந்துகொண்டிருக்கின்றன. கடைசியாக வந்தபோது, காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். 500 மில்லிகிராம் போடலாம், நாளுக்கு நான்கைத் தாண்டக்கூடாது, மூன்று நாளில் தணியாவிட்டால் என்னிடம் வரவேண்டும், அன்று குடி கூடாது என்றேன். அந்த அம்மா அதை என் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.